கிணற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்

தங்கப்பாண்டியின் கிணறு நாற ஆரம்பித்தபோது அவர் முதலில் செத்த நாயைத்தான் தேடினார். ஓடைப்பட்டிக்கு மேற்கே, மலையைப் பார்த்த சரிவில் அவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். அதற்கு இருப்பது அந்த ஒரே கிணறு. பாதாளக் கரண்டியைக் கட்டி இறக்கி நாலு மூலையும் துழாவினார். நெளிந்த வாளி ஒன்றும், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பும் வந்தன. நாய் வரவில்லை. நாற்றம் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. புளித்துப் பொங்கிய மாவில் அழுகின முட்டையை உடைத்து ஊற்றினால் எப்படியோ அப்படி. தண்ணீரும் தெளிவு கெட்டு, ஊதா நிறத்தில், மேலே நுரை கட்டி நின்றது.

எருமை அந்தத் தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பி உமாதேவியைப் பார்த்தது. உமாதேவி புருஷனைப் பார்த்தாள்.

"நாயுமில்ல பேயுமில்ல. மேல ஒயின் கம்பெனிக்காரவுக தொட்டி கழுவுன தண்ணிய ஓடையில விடுறாக. ஓடை வேற எங்கிட்டுப் போகும்? நம்ம கிணத்துக்குத்தேன் வரும். போயிக் கேளுங்க."

அவள் சொன்னது சரி. பள்ளத்தாக்கில் விளைகிற திராட்சையில் நல்ல குலை கேரளாவுக்கு லாரி ஏறும். மழையில் வெடித்தது, உதிர்ந்தது எல்லாம் மேலே இருக்கும் பொன்னிலை ஒயின் ஆலைக்குப் போகும். ஆலையில் அதைப் பிழிந்து, புளிக்கவைத்து, புட்டியில் அடைத்து, அழகான படம் ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதிலொன்றும் தப்பில்லை. பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கையும், தொட்டிகளைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவிய தண்ணீரும் மட்டும் வெளிநாட்டுக்குப் போவதில்லை. சக்கை ஆலைக்குப் பின்னால் குன்றாகக் குவிந்து ஈ மொய்த்துக் கிடக்கிறது. தண்ணீர் ஓடையில் இறங்கி, சரிவைப் பிடித்து, தங்கப்பாண்டியின் கிணற்றுக்கு வந்து சேர்கிறது.

அப்போது அவருடைய பந்தலில் காய் நிறம் திரும்பும் பருவம். பச்சைக் குலைகள் ஒவ்வொன்றாகக் கறுக்க ஆரம்பித்திருந்தன. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் இலையெல்லாம் ஓரம் கருகியது. பாய்ச்சாமல் விட்டால் காய் சுருங்கியது. ஒரு நாள் பாய்ச்சுவார், ஒரு நாள் விடுவார். இரண்டு நாளும் வயிறு எரியும்.

ஆலை வாசலில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். 'இங்கே மண் மூச்சு விடுகிறது' என்று அதில் எழுதியிருந்தது. மண் மட்டும்தான் விட்டது. மனிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். தங்கப்பாண்டியும் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவரை எதிர்கொண்டவர் சூரியபிரகாஷ். ஆலையின் நிலைத்தன்மை அலுவலர். எது நிலையாக நிற்க வேண்டும் என்பதற்காக அவரை நியமித்தார்கள் என்று ஆலையில் யாருக்கும் தெரியாது. சணல் சட்டை போட்டு, மரத்தில் செய்த மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தார். வந்தவர் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எழுந்து வந்து தங்கப்பாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"புகாரா? நிஜமாவே புகாராண்ணே? உக்காருங்க, உக்காருங்க. உங்களைத்தான் இத்தனை நாளாத் தேடிட்டிருக்கோம்."

தங்கப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ ஆபீஸ்களுக்குப் போயிருக்கிறார். ஓர் இடத்திலும் அவரை யாரும் தேடிக்கொண்டிருந்ததில்லை.

"பொறுப்பான திராட்சை மது மன்றம்னு ஒண்ணு இருக்குண்ணே. அவங்க பச்சை இலைச் சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் நம்ம சரக்கு கப்பல் ஏறும். மண்ணுக்கு மார்க்கு, தண்ணிக்கு மார்க்கு, பூச்சிக்கு மார்க்குன்னு போடுவாங்க. அதுல மக்கள் குறைதீர்ப்புன்னு ஒரு தலைப்பு. போன தடவை அதுல நமக்கு முட்டை. ஏன்னா, ஒரு புகார்கூட இல்ல."

"ஏன் தம்பி, ஊருல எம்புட்டுப் பேரு வந்து சொன்னாக?"

"அவங்களை எல்லாம் செக்யூரிட்டி விரட்டிட்டான். அவனுக்குப் புரியலண்ணே. புகாரே இல்லாத ஆலைன்னா மன்றத்துக்குச் சந்தேகம் வந்துரும்."

தங்கப்பாண்டி தன் புகாரைச் சொன்னார். சூரியபிரகாஷ் ரசித்துக் கேட்டார். நுரை கட்டியிருப்பதைச் சொன்னபோது "சூப்பர்" என்றார். எருமை குடிக்க மறுத்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, போனில் பதிவு செய்வதற்காக இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டினார். ஆலை எந்தத் தீர்வு கண்டாலும் புகார்தாரருக்குச் சம்மதம் என்று அதில் இருந்தது. தீர்வு என்ற சொல்லைக் கண்டதும் தங்கப்பாண்டி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப தண்ணிய எப்ப தம்பி நிப்பாட்டுவீக?"

சூரியபிரகாஷ் திடுக்கிட்டார். "நிப்பாட்டுறதா? ஐயோ, அதுமாதிரி எதுவும் கேட்டுராதீங்க. தீர்ந்துபோன புகாருக்கு ரெண்டு மார்க்குதாண்ணே. மன்றத்துக் கமிட்டி நேர்ல வந்து பாக்குற புகாருக்கு எட்டு மார்க்கு. அவங்க வர்ற வரைக்கும் புகாரை நாம உயிரோட வச்சிருக்கணும்."

உயிரோடு வைத்திருந்தார்கள். அதுவரை பழம் பிழிகிற நாளில் மட்டும் தொட்டி கழுவியவர்கள், புகார் வாடிவிடக் கூடாதே என்று தினமும் கழுவினார்கள். முன்பு ஆட்களை விரட்டிய அதே செக்யூரிட்டி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தோட்டத்துக்கு வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு சார்" என்று போனில் சொல்லிவிட்டுப் போவார். நல்லா இருக்கு என்றால் நாற்றம் குறையவில்லை என்று அர்த்தம்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில் கமிட்டி வந்தது. அதன் தலைவர் சுயம்புலிங்கம். ஏதோ ஓர் இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றதை அந்த இலாகா இன்னும் கவனிக்கவில்லை என்று சொல்வார்கள். கூடவே வினோத்ராஜ் என்று ஒருவர் வந்திருந்தார். ஒயினை முகர்ந்து, வாயில் கொப்பளித்துத் துப்பி, தரம் சொல்வது அவர் தொழில். அவருடைய மூக்குக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது.

மூன்று காரில் வந்தார்கள். நாலாவது வண்டி ஒரு மினி லாரி. அதில் சைக்கிள்கள் வந்தன. தோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எல்லோரும் காரை விட்டு இறங்கி, சைக்கிளில் ஏறி, ஓட்டத் தெரியாதவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பந்தல் வாசலில் வந்து இறங்கினார்கள். புகையில்லாத வருகைக்கு மூன்று மதிப்பெண் உண்டாம். வியர்வை அடங்குவதற்காகக் கார்களைப் பின்பக்கமாக வரவழைத்து, ஏசியைப் போட்டுவிட்டு அதற்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது மண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் சடங்கு. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கைப்பிடி மண்ணை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, "தாயே, பொறுத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். சுயம்புலிங்கத்தின் காலுக்கடியில் கம்பளம் விரித்தார்கள். தங்கப்பாண்டியின் தோட்டத்து மண் நாறியதால், மன்னிப்புக் கேட்பதற்கென்று வேறு ஊர் மண்ணைப் பாக்கெட்டில் கொண்டுவந்திருந்தார்கள். கேட்டு முடித்ததும் ஆளுக்கொரு ஈரத் துடைப்பான் கொடுத்தார்கள். அந்தத் துடைப்பான்களும் பாக்கெட்டுகளும் வரப்பிலேயே கிடந்தன. உமாதேவிதான் பொறுக்கிப்போட்டாள்.

பிறகு தணிக்கை தொடங்கியது. புகார் கொடுத்தவரின் தோட்டமும் தணிக்கைக்கு உட்பட்டது என்று அப்போதுதான் தங்கப்பாண்டிக்குத் தெரிந்தது. மன்றத்தின் தலைமையகம் வருஷத்தில் பாதி நாள் பனியில் புதைந்து கிடக்கும் ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிறது. கேள்விகளை அங்கே உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

"உங்கள் கொடிகள் எந்த மாதங்களில் உறங்குகின்றன?" என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

"உறங்குறதாய்யா?"

"குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் அல்லவா?"

"இங்கன அதெல்லாம் இல்லய்யா. கவாத்து வெட்டுனா பத்துப் பதினஞ்சு நாள்ல துளுத்துரும். துளுத்தா பூக்கும், காய்க்கும். காய அறுத்துட்டு மறுக்கா கவாத்து வெட்டுவோம். வருசம் பூராவும் காய்தேன். அதுக்கு உறங்க ஏது நேரம்?"

கமிட்டி மொத்தமும் பந்தலை அண்ணாந்து பார்த்தது. ஒருவர் கொடியின் தண்டை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"எவ்வளவு காலமாக இந்தக் கொடுமை நடக்கிறது?" என்றார் சுயம்புலிங்கம்.

"எங்கப்பா காலத்துலருந்து இப்படித்தேன்யா."

'பரம்பரையாக' என்று எழுதிக்கொண்டார்கள். இனிமேல் மதியம் ஒரு மணி நேரம் பந்தலுக்கடியில் யாரும் பேசக் கூடாது, மோட்டார் போடக் கூடாது, கொடிகள் கண்ணயர வேண்டும் என்று தீர்மானம் ஆனது.

"உறைபனி விழுந்தால் கொடிகளை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?" இந்தக் கேள்வியைக் கேட்டவர், அது அச்சாகியிருந்த தாளாலேயே தனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"பனியா? மார்கழில லேசாக் குளிரும்யா. போத்திக்கிருவோம்."

'கொடிகளைப் போர்த்துகிறார்' என்று எழுதி, அதற்கு முழு மதிப்பெண் போட்டார்கள். தங்கப்பாண்டி மறுத்துப் பேச வாயெடுத்தார். சூரியபிரகாஷ் அவர் கையை அமுக்கிவிட்டு, "மார்க்கு வர்றப்ப குறுக்க பேசாதீங்கண்ணே" என்றார்.

"தம்பி, அந்தக் கிணறு..."

"வருது, வருது. அதுதான் நம்ம ஹைலைட்."

கிணற்றடிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தபோது உமாதேவி அங்கே ஒரு சொம்போடு நின்றாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட அவளால் முடியாது. கொடுப்பதற்கு வேறு தண்ணீரும் அவளிடம் இல்லை. கிணற்றிலிருந்து மொண்டதையே நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்கய்யா. இதத்தேன் நாங்க பாய்ச்சுறோம்."

சுயம்புலிங்கம் தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார். இன்னொருவருக்கு அன்றைக்கு விரதம். மூன்றாமவர் தான் இயற்கையிடமிருந்து எதையும் பெற்றுக்கொள்வதில்லை என்றார். வினோத்ராஜ் மட்டும் முன்னால் வந்தார். தோல்பையைத் திறந்து, நீண்ட காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையை எடுத்து, துணியால் துடைத்து, சொம்புத் தண்ணீரை அதில் கொஞ்சம் சரித்தார். வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு இழுத்தார். கண்ணை மூடினார். அப்புறம் ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் கொப்பளித்து, தரையில் துப்பினார். எழுதவே குமட்டுகிறது. அவருக்குக் குமட்டவில்லை.

"முதலில் பழுத்த நாவல்பழம் வருகிறது," என்றார். "நடுவில் ஈரமான தோல். கொஞ்சம் பழைய நிலவறை. முடிவு நீளமானது. நாக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அபூர்வமான துணிச்சல் இந்தக் கிணற்றுக்கு. நூற்றுக்கு எண்பத்திரண்டு தருவேன்."

கமிட்டி கைதட்டியது. உமாதேவி அவர் துப்பிய இடத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏய்யா, தண்ணி குடுத்தா வாங்கிக் குடிப்பாக. இல்லேன்னா வேணாம்பாக. வாய்ல வச்சுட்டு எங்க வாசல்லயே துப்புறவுகள இப்பத்தேன் பாக்குறேன். துப்புற தண்ணின்னு தெரியுதுல்ல? அப்ப இத விட்டவுகள என்ன செய்யப்போறீக?"

சூரியபிரகாஷ் பாய்ந்து வந்து, உள்ளூர்ப் பெண்கள் தங்கள் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்வதற்குத் தனி மதிப்பெண் இருப்பதைக் கமிட்டிக்கு நினைவூட்டினார். அதையும் போட்டார்கள்.

சுயம்புலிங்கம் மைக்கை வாங்கினார். மைக் சூரிய ஒளியில் இயங்குவது. அதனால் பந்தல் நிழலை விட்டு வெயிலுக்கு வந்து, ஒருவர் குடை பிடிக்கப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! பாமர மூக்குக்கு நாற்றமாகத் தெரிவது, பயிற்சி பெற்ற மூக்குக்குக் குணமாகத் தெரிகிறது. நான் முப்பதாண்டுகள் அரசுப் பணியில் இருந்தவன். எத்தனையோ நீர்நிலைகளுக்கு நான் சான்று கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட நான் காலை வைத்ததில்லை. இயற்கையில் மனிதன் தலையிடக் கூடாது என்பது என் கொள்கை. ஏரிகள் மேடாகும்போதும் தலையிடவில்லை. ஆறுகள் கறுக்கும்போதும் தலையிடவில்லை. அந்தப் பொறுமைக்காக எனக்கு விருது கொடுத்தார்கள். இன்று இந்த ஆலையைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். தன் கழிவைத் தானே வைத்துக்கொள்ளும் சுயநலம் இதற்கு இல்லை. ஏழை விவசாயியோடு பகிர்ந்துகொள்கிறது. பகிர்வதற்குப் பத்து மதிப்பெண். பத்தையும் நான் கொடுக்கிறேன்!"

கைதட்டல் அடங்குவதற்காகத் தங்கப்பாண்டி காத்திருந்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, எனக்கு மார்க்கு வேணாம்யா. நல்ல தண்ணி வந்தாப் போதும்" என்றார்.

சுயம்புலிங்கத்தின் குரல் தழுதழுத்தது. "பார்த்தீர்களா இந்த எளிமையை? இதை நகரத்தில் நாம் தொலைத்துவிட்டோம்." அவரைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் தோளைத் துடைத்துக்கொண்டார்.

போகும்போது கிணற்றுத் தண்ணீரை ஒரு புட்டியில் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பத்து நாள் வரை சத்தமில்லை. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இலைகள் கருகிச் சுருண்டன. அறுவடைக்கு இருந்த குலைகளில் கேரளா வியாபாரி ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுவிட்டு, முகத்தைச் சுளித்து, "இதெந்தா சேட்டா, ஒரு மணம்?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

பதினோராவது நாளோ என்னவோ சூரியபிரகாஷ் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லாம் நல்லாப் போச்சு. உங்க கிணத்தாலதான் கவுந்துருச்சு. லேப் ரிசல்ட் வந்திருக்கு. ஆலைக்குப் பக்கத்துல ஒரு கெட்டுப்போன கிணறு இருக்காம். மன்றத்துல மார்க்கு வெட்டிட்டாங்க. சர்ட்டிபிகேட்டுக்கு ரெண்டே ரெண்டு மார்க்கு குறையுது."

அவர் சோகத்தைப் பார்த்துத் தங்கப்பாண்டிக்குத் தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல ஆகிவிட்டது. "மன்னிச்சுக்கங்க தம்பி" என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டார். உமாதேவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பரவால்லண்ணே. தலைவர் வழி சொல்லிட்டார். மாசு எங்கே இருக்கு? கிணத்துல. கிணறே இல்லேன்னா மாசு எங்கேருந்து வரும்? கிணத்தை மூடிரலாம். செலவு முழுக்க ஆலையோடது."

"கிணத்த மூடுறதா?"

"நீங்கதான் எந்தத் தீர்வுக்கும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அதுல இன்னொரு நல்லதும் இருக்கு. ஆலைக்குப் பின்னால சக்கை குவிஞ்சு கிடக்குல்ல, அதுக்கும் மார்க்கு வெட்டியிருக்காங்க. அந்தச் சக்கையைப் போட்டுத்தான் மூடப்போறோம். கழிவும் தீந்துரும், கிணறும் தீந்துரும், புகாரும் தீந்துரும். மூணுக்கும் மார்க்கு."

"தோட்டத்துக்குத் தண்ணி?"

சூரியபிரகாஷ் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "அது தனித் தலைப்புண்ணே" என்றார்.

குறித்த நாளில் தோட்டத்தில் விழாப் பந்தலும் மேடையும் போட்டு, வாழை கட்டி, நாகஸ்வரம் வைத்தார்கள். சக்கை ஏற்றிய டிப்பர் லாரிகள் வரப்பை இடித்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றன. சக்கையிலிருந்து ஊதாச் சாறு சொட்டுச் சொட்டாக வழிந்து, சக்கரத்தடத்தில் தேங்க, அதில் புழு நெளிந்தது. ஈக்கள் லாரியை விட்டு மேடைக்கு மாறின. சுயம்புலிங்கம் ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டே பேசினார்.

"கிணறு என்பது என்ன? பூமியின் உடம்பில் மனிதன் போட்ட காயம். இன்று அந்தக் காயத்துக்கு மருந்து போடுகிறோம். பூமித்தாய் நன்றியோடு நம்மைப் பார்க்கிறாள்!"

ரிப்பன் வெட்டினார். முதல் டிப்பரை ஓட்டி வந்த சீனிச்சாமி, பக்கத்து ஊர்க்காரர், வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக் கிணற்று மேட்டில் நிறுத்தினார்.

அப்போதுதான் தங்கப்பாண்டி படியிறங்கினார். யாரையும் எதிர்க்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் போயிருக்க மாட்டார், பயந்த மனுஷன். கிணற்றுக்குள் கல்படிகள் உண்டு. கால் பாட்டுக்கு இறங்கியது. தண்ணீருக்கு மேலே இருந்த கடைசிப் படியில், மோட்டார்க் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்றம் தொண்டையை அடைத்தது. கண்ணிலும் காதிலும் கொசு புகுந்தது. இந்தக் கிணறு போய்விட்டால் தோட்டம் போய்விடும், தோட்டம் போய்விட்டால் தனக்கும் உமாதேவிக்கும் எதுவுமே இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சீனிச்சாமி இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் கொட்டமாட்டேன் சார். உள்ள ஆளு இருக்கு."

"ஆள் இருப்பது பிரச்சினை இல்லை," என்றார் சுயம்புலிங்கம். "அது எந்தத் தலைப்பில் வருகிறது என்பதுதான் பிரச்சினை."

மேடையிலேயே கமிட்டி கூடியது. கையேட்டைப் புரட்டினார்கள். தொழிலாளர் நலன் என்ற தலைப்பில் கிணற்றுக்குள் இருக்கும் மனிதனைச் சேர்க்க முடியாது, அவர் ஆலையின் தொழிலாளி அல்ல. சமூக நலனில் சேர்க்கலாமா என்றால், தரைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை. நாகஸ்வரக்காரர்கள் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வினோத்ராஜ்தான் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"பல்லுயிர்!"

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆலையின் சுற்றுவட்டாரத்தில் உள்ள நீர்நிலை எதிலாவது ஓர் உயிரினம் தானாக வந்து குடியேறினால், அந்த நீர்நிலை பாதுகாக்கப்பட்ட வாழிடம் ஆகிவிடும் என்று அதில் இருந்தது. மூடக் கூடாது. உயிரினத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது. அடுத்த தணிக்கை வரை வாழிடத்தின் நிலைமை எதையும் மாற்றக் கூடாது. மதிப்பெண் பன்னிரண்டு.

"பன்னிரண்டா?" என்றார் சுயம்புலிங்கம். சான்றிதழுக்குக் குறைந்திருந்தது இரண்டுதான். அந்த இடத்திலேயே பச்சை இலைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாக மைக்கில் அறிவித்தார். நாகஸ்வரக்காரர்கள் சந்தேகம் நீங்கிக் கெட்டிமேளம் கொட்டினார்கள். சூரியபிரகாஷ் அழுதுவிட்டார்.

டிப்பர்கள் திரும்பின. திரும்புகிற வழியில் சக்கையை ஓடையிலேயே சரித்துவிட்டுப் போகும்படி யாரோ சொன்னார்களாம். அதற்கும் ஏதாவது தலைப்பு இருந்திருக்கும்.

கீழேயிருந்து தங்கப்பாண்டியின் குரல் வந்தது. "ஐயா! மூடலேன்னா சந்தோசம்யா. அப்படியே அந்தத் தண்ணியவும் நிப்பாட்டிருங்கய்யா!"

சுயம்புலிங்கம் கிணற்றுச் சுவர் வரை வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அன்போடு குனிந்தார்.

"அது முடியாது. உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். இந்த நீரை நம்பித்தான் நீங்கள் இங்கே குடியேறியிருக்கிறீர்கள். நீரை மாற்றினால் உங்களுக்கு ஆபத்து. அடுத்த தணிக்கை வரை ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் வரும். ஆலை எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது."

"நான் குடியேறலய்யா! இது என் கிணறுய்யா!"

"குரல் கொடுக்கிறது," என்று பின்னால் திரும்பிச் சொன்னார் சுயம்புலிங்கம். "எழுதிக்கொள்ளுங்கள். ஆரோக்கியமாக இருக்கிறது."

கார்கள் போன பிறகு சூரியபிரகாஷ் இரண்டு ஆட்களை வைத்துக் கிணற்றைச் சுற்றிப் பச்சைக் கயிறு கட்டி, பலகை நட்டார். 'பாதுகாக்கப்பட்ட வாழிடம். கூச்சலிடாதீர். கல்லெறியாதீர். உணவு அளிக்காதீர்.' கட்டி முடிக்கும்போது உமாதேவி தூக்குவாளியோடு வந்தாள். அவர் கையை நீட்டி மறித்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வெளியிலேருந்து சோறு போட்டா அதுக்கு இரை தேடுற பழக்கம் போயிரும்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய மரக்கண்ணாடி பற்றிக்கொண்டிருக்க வேண்டும். சணல் சட்டைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். உமாதேவி பச்சைக் கயிற்றைக் காலால் அமுக்கி மிதித்துத் தாண்டி, கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்தாள்.

"இந்தாருங்க. மேல வந்து சாப்பிட்டுப் போங்க. நான் இங்கன காவலுக்கு நிக்கிறேன்."

"வேணாம் புள்ள. நான் மேல வந்தா மூடிருவாய்ங்க."

"எம்புட்டு நேரந்தேன் அங்கன உக்காந்திருப்பீக?"

"அவிய்ங்க மறுக்கா வர்ற வரைக்கும்."

"அவுக எப்ப வருவாக?"

தண்ணீரில் ஏதோ குமிழியிட்டு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. உமாதேவி சேலையைத் தூக்கிச் செருகினாள். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டினாள். தூக்குவாளியைக் கையில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே படியில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அவள் சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் கையில் வைத்தாள். அவர் வாயருகே கொண்டுபோனார், குமட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். அடுத்த உருண்டையைத் தன் வாயில் போட்டு அவளும் விழுங்கினாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. நாற்றத்தாலா, அழுகையாலா என்று அவர் கேட்கவில்லை.

மேலே சூரியபிரகாஷ் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சந்தோஷத்தில் கயிற்றைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"சார், பொம்பளை ஒண்ணும் உள்ள இறங்கியிருக்கு சார். ஆமா சார், ஜோடிதான். பக்கத்துல பக்கத்துல உக்காந்து தின்னுது சார்... இனவிருத்தின்னு ஒரு தலைப்பு இருக்குல்ல சார், அதுக்கு எத்தனை மார்க்கு?"